பன் வாங்காத பார்வையாளர்

"கதவே இன்னும் திறக்கலையேம்மா, அதுக்குள்ள நீ ஏன் அழுத?"

நாடக அரங்கின் கடைசி வரிசையில், எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் கேட்டார். நனைந்த குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். சட்டைக் காலர் தேய்ந்து நூல் தெரிந்தது. வேலை போன யாரோ ஒருவர் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கலைத்துறையிலிருந்து வந்தவர் அவர்தான், எங்கள் அரங்கத்துக்கு அரசாங்க மானியம் தொடருமா நிற்குமா என்று எழுதப்போகிறவர் அவர்தான் என்று தெரிந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். தெரியாததால் பதில் சொன்னேன்.

எனக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். எழுந்து நின்று வாசி என்பார்கள். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், வாய் மட்டும் திறக்காது. நிற்பேன். வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதே சமயத்தில்தான் அப்பா வேலை பார்த்த டயர் கம்பெனியை மூடினார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் காலையில் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், எல்லோருடைய கண்ணும் பெரியவர் மேல்தான் போகும்.

அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டாள். வீட்டில் அப்பா, அக்கா, நான். அக்கா அந்த அரங்கத்தில் நடிகர்களுக்கு உடை தைக்கிறவள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவள் வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

"இன்னைக்கு என்னடி சாப்பிட்ட? ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. ஏன் சாப்பிடல? பசிச்சிருக்காது. சரி, வா, தட்டை எடு."

இப்படிக் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நான் தட்டை எடுத்தால் போதும். அப்பா என்னை ஊமைக்கோட்டான் என்பார், அவளை ரேடியோ என்பார். "ஒண்ணை அணைக்க முடியல, இன்னொண்ணைப் போட முடியல" என்று அலுத்துக்கொள்வார்.

நாடு பொருளாதார மந்தத்தில் இருக்கிறது என்று தினமும் செய்தியில் சொன்னார்கள். "மந்தம்னா எனக்குத் தெரிஞ்சது வயித்து மந்தம்தான்" என்றார் அப்பா. "அது வர்றதுக்கும் முதல்ல சாப்பிட்டிருக்கணுமே."

அக்காவின் தோழி ஒருத்தி வெளியூரில் ஏற்றுமதித் துணி ஃபேக்டரியில் இருந்தாள். தங்க ஹாஸ்டல் உண்டு, கை வேலை தெரிந்தவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு, வா வா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அக்கா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "தியேட்டர் இருக்கற வரைக்கும் எனக்கென்ன கவலை? இவளை யார்கிட்ட விட்டுட்டு நான் வர்றது? கடைக்குப் போய் ஒரு சோப்பு கேட்டு வாங்கத் தெரியாது இதுக்கு." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கோபம் வராது. அவள் சொல்வது உண்மை. அதோடு, அந்த உண்மை அவளை வீட்டில் வைத்திருந்தது.

அக்காவின் தையல் அறை மேடைக்கு நேர் கீழே. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். நாடகம் நடக்கும்போது தையல் மெஷினை ஓட்டக் கூடாது, சத்தம் பலகை வழியாக மேலே ஏறிவிடும். அந்த நேரத்தில் கையால் ஓரம் தைப்பாள், கொக்கி வைப்பாள். மேலே நடக்கும் காலடியை வைத்தே எந்தக் காட்சி என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் பகலெல்லாம் அங்கேதான். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். அறுந்த பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிப்பேன்.

மூன்று அரங்கங்களுக்குக் கலைத்துறை மானியம் கொடுத்துவந்தது. இனி ஒன்றுக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். எதைப் பொதுமக்கள் வந்து பார்க்கிறார்களோ அது பிழைக்கும். துறையிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், உட்கார்ந்து பார்ப்பார், எழுதுவார்.

எங்கள் மேனேஜர் இதைக் கேட்டதும் மேடைக்குக் கீழே இறங்கி வந்து, அக்காவின் துணிக் குவியல் மேல் உட்கார்ந்தார்.

"யாரும்மா வராங்க பார்க்க? இருக்கறவன் டிவி பார்க்கறான். இல்லாதவன் வேலை தேடறான்."

"வேலை தேடி முடிச்சவங்க இருக்காங்களே சார்" என்றாள் அக்கா. "எங்கப்பா மாதிரி. காலையில தேடி முடிச்சுட்டு மத்தியானம் டீக்கடை முக்குல நிப்பாங்க. கூப்பிட்டு உக்கார வைங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து மத்தியான ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நுழைவு இலவசம், முடிந்ததும் ஒரு டீ, ஒரு பன். நடுவில் எழுந்து போனால் பன் கிடையாது.

அப்பா முதலில் துள்ளினார். "நான் என்ன சோத்துக்குக் கை தட்டறவனா? கம்பெனியைத் தூக்கி நிறுத்தக் காசில்லாத கவர்ன்மென்ட்டு கூத்துக்குக் கொடுக்குது. அதைப் போய் நான் பார்க்கணுமா?"

"பார்க்க வேண்டாம்ப்பா. சும்மா உக்காருங்க. தூங்குங்க. கூலிங்கா இருக்கும்" என்றாள் அக்கா.

அவர் தூங்கத்தான் போனார். டயர் கம்பெனி ஆட்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பாதி அரங்கம் நிரம்பிவிட்டது. அக்கா என்னையும் மேலே அனுப்பினாள். "ஒரு தலை கூடட்டுமே. இங்க இருட்டுல உக்கார்றதை அங்க இருட்டுல உக்காரு."

அந்த இருட்டு வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. கடைசி வரிசை ஓரத்து நாற்காலி எனக்கென்று ஆகிவிட்டது. கைப்பிடியில் வெல்வெட் கிழிந்த இடத்தில் அக்கா போட்ட ஒட்டு இருக்கும். அதை விரலால் தடவிக்கொண்டே பார்ப்பேன். முடிந்ததும் வாசல் பக்கம் போக மாட்டேன். பன் வாங்க வரிசையில் நின்றால் மேனேஜர் ஏதாவது கேட்பார். பக்கவாட்டுப் படி வழியாகக் கீழே இறங்கி அக்காவிடம் போய்விடுவேன்.

நாடகம் எளிமையானது. ஒரு அம்மா. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்ட கோபத்தில் வாசல் கதவைச் சாத்தியவள், பிறகு திறக்கவே இல்லை. மகள் அவ்வப்போது வந்து தட்டுவாள். அம்மா உள்ளே அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கடைசிக் காட்சியில் தட்டும் சத்தம் கேட்கும். அம்மா எழுந்திருப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள். மூன்றாம் முறை எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். விளக்கு அணைந்துவிடும்.

சிரிப்பதற்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. கதவு திறக்காததால் ஜன்னலில் தலையை நீட்டுவார். "போன வாரம் வாங்கின சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கலாம்னுதான் வந்தேன். வீட்ல சர்க்கரை தீர்ந்துபோச்சு. கொஞ்சம் கொடுத்தீங்கன்னா, அதையே திருப்பிக் கொடுத்துடுவேன்" என்பார்.

முதல் நாள் அப்பா இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். கம்பெனி மூடியபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சில நாளில் தூங்குவதை விட்டுவிட்டார். பிறகு விமரிசனம் ஆரம்பித்தது. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது டயர் கம்பெனியே கூடி நின்று பேசும்.

"இன்னைக்கு ரெண்டாவது தடவை அந்தம்மா உக்காரவே இல்லப்பா. நேரா கதவுக்குப் போயிட்டாங்க."

"கால் வலியா இருக்கும்."

"கால் வலின்னா உக்காரணும்டா."

"நேத்து அழுதாங்க பாரு, அது அழுகை. இன்னைக்கு டூட்டி பார்த்தாங்க, அவ்வளவுதான்."

அக்கா கீழே வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள். அப்பா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டூட்டி பார்த்தாங்க" என்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

தினமும் பார்த்ததில் ஒரு விஷயம் நடந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு முன்னால் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று இருமுவார். அந்த இருமலுக்கே அரங்கம் சிரித்துவிடும். சர்க்கரைதான் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா. அவரும் கெட்டிக்காரர். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு தலையை நீட்டிச் சர்க்கரை வசனத்தைச் சொல்வார். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். அதேபோல அம்மா முதல் முறை எழுந்ததுமே மூக்கு உறிஞ்சும் சத்தம் தொடங்கிவிடும். கதவு திறக்கும்போது எல்லோரும் அழுது முடித்து முகம் துடைத்திருப்பார்கள். மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் சேர்ந்தே பழகியதால் எங்களுக்கு அது கோணலாகப் படவே இல்லை. மேனேஜராவது கவனித்திருக்கலாம், ஆனால் அவர் ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைக்காரர் காரில் வருவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

துறைக்காரர் பஸ்ஸில் வந்தார். காருக்கான டீசலையும் நிறுத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மழையில் நனைந்து, டயர் கம்பெனி ஆட்களோடு ஆளாக அவர் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் அவர் தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, புதுசா? போய் உக்காருங்க. முடியற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. பன் கடைசியிலதான்."

அவர் கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு உடம்பு கூசியது. கைப்பிடி ஒட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருமல் கேட்டது. அரங்கம் சிரித்தது. எல்லோருக்கும் மேலே அப்பாவின் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் என்ன நடந்தது என்று தெரியாமல் மேடையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டிச் சர்க்கரை வசனத்தைச் சொன்னார். அப்போது இவர் சிரித்தார். அவ்வளவு பெரிய அரங்கத்தில், சரியான இடத்தில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பி அவரை முறைத்தார்கள். "புது ஆளு போல" என்று யாரோ சொன்னது கேட்டது.

கடைசிக் காட்சி வந்தது. அம்மா எழுந்தாள். என் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அவர் குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா இரண்டாம் முறையாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"திறந்தா அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் இருக்க மாட்டாங்க."

கதவு திறந்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது.

"தினமும் வருவியா?"

"ம்."

"பன்னுக்காகவா?"

"நான் பன் வாங்கிக்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு வர?"

இருட்டாக இருந்ததால் அதற்கும் பதில் வந்தது. "என்னைக்காவது ஒருநாள் நின்னுட்டிருப்பாங்களோன்னு."

அவர் விளக்கு வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பக்கவாட்டுப் படியில் பாதி இறங்கி நின்று பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். மேனேஜர் கையில் பன் இருந்தது. அதை மறைப்பதா கொடுப்பதா என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார். துறைக்காரர் அந்தப் பன்னை வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, தன் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். மத்தியானம் அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை போல.

வீட்டில் அன்று பெரிய கலவரம்.

"உன் பக்கத்துலதான் உக்கார்ந்திருந்தாராமே? என்னடி கேட்டார்? ஒண்ணும் கேட்டிருக்க..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டாரா? நீ என்ன சொன்ன?"

சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. தினமும் வருவேன் என்று சொன்னதையும் பன் வாங்குவதில்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "பன் கொடுக்கறதையே சொல்லிட்டியா? மாசக்கணக்கா வாயைத் திறக்காதவ, இன்னைக்குன்னு பார்த்தா திறப்ப?"

"மேனேஜரே அவர்கிட்ட பன்னைப் பத்திச் சொல்லிட்டாரே, இவ சொன்னா என்ன?" என்றாள் அக்கா. ஆனால் அதற்குப் பிறகு அவள் பேசாமல் வெங்காயம் நறுக்கினாள். கத்தி பலகையில் படும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதைத் துறையில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து மேனேஜர் விசாரித்தார். மேடைக்குக் கீழே வந்து சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அப்பாவும் அங்கே இருந்தார்.

"வந்திருந்த பார்வையாளர் ஒருத்தர்னு எழுதியிருக்காராம். ஒரே ஒருத்தர்!"

"அப்ப நாங்கெல்லாம் என்ன, நாற்காலியா?" என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே வலித்துவிட்டது. "எத்தனை நாள் சிரிச்சிருக்கேன். அழுதும் இருக்கேன், இவங்க யாருக்கும் தெரியாம. நான் பார்வையாளர் இல்லையா?"

அந்த ஒருவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

அரங்கத்தை மூடும் உத்தரவு வந்தது. உடைகளையெல்லாம் துறையின் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். அப்பாவும் டயர் கம்பெனி ஆட்களும் டீக்கடை முக்குக்கே திரும்பிப் போனார்கள். அக்காவின் தோழி மறுபடி போன் செய்தாள். "பார்க்கலாம்டி" என்றாள் அக்கா. "இவளை என்ன பண்றதுன்னு தெரியல." அந்தப் பதிலில் இருந்த தியேட்டர் போய்விட்டது. இனி நான் மட்டும்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில், அக்காவிடம் சொல்லாமல் நான் கலைத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அறிக்கையில் ஒருத்தர் என்று இருப்பதைத் துறைக்காரர் எல்லோரும் என்று திருத்தி எழுதிவிட்டால் அரங்கம் திறக்கும், அக்கா இருப்பாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். இறங்கி ஒரு பூக்காரரிடம் வழி கேட்டேன். அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது, ஆனாலும் போய்ச் சேர்ந்தேன்.

நீளமான நடைபாதை. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பாதி ட்யூப் லைட்டைக் கழற்றியிருந்தார்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறி நடக்க வேண்டியிருந்தது. அறைக்கு வெளியே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர் உள்ளே தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கடைசி வரிசை" என்றார்.

நான் பஸ்ஸில் தயார் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். "எங்கப்பா நிஜமாத்தான் சிரிச்சார்."

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார். "முன்வரிசையில பெரிய சத்தமா சிரிச்சாரே, அவரா? தெரியும்மா. முன்னாடியே சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புதான். ஆனா பன் கொடுத்துக் கூட்டிட்டு வந்தவங்களைப் பொதுமக்கள்னு எழுதினா, நாளைக்கு எவனாவது கேட்டான்னா மொத்தமும் பொய்யாயிடும். உன்னை மட்டும்தான் தைரியமா எழுத முடிஞ்சுது."

"எல்லாரையும் எழுதினா திறப்பாங்களா?"

அவர் உட்கார ஒரு பெட்டியைக் காட்டினார். நான் நின்றேன்.

"மத்த ரெண்டு இடத்துக்கும் போனேன். யாருமே இல்லன்னு எழுதினேன். உங்க இடத்துக்குத்தான் ஒருத்தர்னு எழுதினேன். உங்க இடம்தான்மா முதல்ல வந்துச்சு."

"அப்புறம் ஏன் மூடினாங்க?"

"ஒரு இடத்துக்குன்னு வெச்சிருந்த பணத்தையும் எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கணும்னாங்க. மீட்டிங்ல நானும்தான் உக்கார்ந்திருந்தேன். மருந்து வேண்டாம், நாடகம் போடுங்கன்னு எப்படிச் சொல்றது? எனக்கும் வாய் வரல." அட்டைப்பெட்டியின் மூடியை அழுத்தினார். அது நிற்கவில்லை. "என்னையும் மாத்திட்டாங்க. வேலைவாய்ப்பு ஆபீஸுக்கு. இப்போ ஹவுஸ்ஃபுல்லா ஓடறது அது ஒண்ணுதான்."

சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது, "அந்தக் கதவு திறந்தப்போ, யாராவது நிப்பாங்களோன்னு எனக்கும் இருந்துச்சு" என்றார்.

நான் நேராக அரங்கத்துக்குப் போனேன். மேடைக்குக் கீழே அக்கா உடைகளை மடித்து டிரங்குப் பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் உதறி, கொக்கி இருக்கிறதா என்று பார்த்து, கிழிந்ததைத் தைத்து வைத்தாள். கிடங்கில் எலி தின்னப்போகிற துணிக்கு யார் இப்படித் தைப்பார்கள்?

"அக்கா, நம்ம இடம்தான் முதல்ல வந்துச்சாம்."

"என்னடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். துறைக்காரர் சொன்னது, மற்ற இரண்டு இடம், மருந்து, மீட்டிங். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. அரங்கம் நம்மால் போகவில்லை, என்னால் போகவில்லை, பணமே இல்லாமல் போய்விட்டது என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு இருந்தது. அக்கா கையில் இருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"முதல்ல வந்தா என்ன கொடுப்பாங்க, கப்பா?" என்றாள். பிறகு திடீரென்று, "நீ தனியாவா போன?"

"ம்."

"எந்த பஸ்ஸு?"

சொன்னேன்.

"வழி?"

"கேட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒரு பூக்காரர்கிட்ட."

"அங்க போய் யார் இருக்காங்கன்னு, எங்க உக்கார்றாங்கன்னு?"

"வாசல்ல வாட்ச்மேன்கிட்ட கேட்டேன்."

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் நிறுத்திக் காத்திருந்தாள். என் பதிலை அவள் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஏதோ தளர்ந்துகொண்டே வந்தது. கனமான பையை வெகுநேரம் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அதைத் தரையில் வைக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

"பரவாயில்லையே" என்றாள். "உனக்குப் பேச வருது."

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இல்லை, அந்தப் பூக்காரர் சொன்னது பாதிதான் புரிந்தது, திரும்பி வரும்போது தப்பான இடத்தில் இறங்கிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே சட்டையை மடிக்க ஆரம்பித்திருந்தாள். அன்று மாலையே தோழிக்குப் போன் செய்தாள். "வரேன்டி. இல்ல, அவ சமாளிச்சுக்குவா" என்று சமையலறையிலிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு கிளம்பும்வரை அக்கா நிறையப் பேசினாள். கேஸ் தீர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அப்பா கோபமாக இருந்தால் எப்போது சாப்பிடக் கூப்பிட வேண்டும், எந்தக் கடையில் அரிசி சுத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் "நீயே கேளு" என்பாள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளி நின்றுகொள்வாள். கடைக்காரர் "என்ன வேணும் பாப்பா" என்பார். நான் திரும்பி அவளைப் பார்ப்பேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டு வாங்கினேன். எனக்கு வேறு வழி இல்லை. ஒவ்வொரு முறை கேட்டு வாங்கும்போதும் அவளை நானே கொஞ்சம் தள்ளிவிடுவது போல இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே பேசாமல் நின்றேன். அவளும் பேசாமல் நின்றாள். கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனித்தார். கடைசியில், "உப்பு" என்றேன்.

கிளம்பும் நாளில் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை மேலே ஏற்ற வேண்டுமா உள்ளே வைக்கலாமா என்று அவர் கண்டக்டரிடம் வாக்குவாதம் செய்தார். கண்டக்டர் மேலே என்றார். அப்பா, "எம்பொண்ணு பெட்டி மழையில நனையும்யா" என்று சத்தம் போட்டார். வானத்தில் மழையே இல்லை. கடைசியில் அவரே உள்ளே ஏறி, சீட்டுக்கு அடியில் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு இறங்கினார். இறங்கியதும் மூக்கைச் சிந்திக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

நானும் அக்காவும் பஸ் படிக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் என் சட்டையின் தோளைப் பார்த்தாள். அங்கே தையல் பிரிந்திருந்தது. கைப்பையைத் திறந்து ஊசியைத் தேடினாள், நேரமில்லை என்று புரிந்து மூடிவிட்டாள். பிரிந்த இடத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்தாள்.

"அக்கா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன். "அங்க தண்ணி எப்படின்னு சொல்லு. ஹாஸ்டல்ல ஜன்னல் இருக்கான்னு சொல்லு."

ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். அக்கா விரலை எடுத்தாள். படியில் கால் வைத்தாள், ஏறினாள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். இந்தப் பக்கம் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. பஸ் வளைவு வரைக்கும் போய்த் திரும்பி மறைந்தது. அவள் வாயே திறக்கவில்லை.